வெள்ளமும் கூழாங்கல்லும்: ஆப்கன் ஆற்றில் ஒரு டாக்டர் வாய்க்கால் வெட்டி ஜெயித்தது எப்படி?

ஆற்றில் வருஷம் முழுக்கத் தண்ணீர் ஓடுகிறது. கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் வயல். அப்படியும் கோதுமை கருகுகிறது. கேட்க விநோதமாக இருந்தாலும், கிழக்கு ஆப்கானிஸ்தானின் நங்கர்ஹார் மாகாணத்தில் 2000-ம் ஆண்டு வறட்சியின்போது இதுதான் நிலைமை. மலையடிவார ஓடைகள் வற்றின. கரேஸ் எனப்படும் நிலத்தடிச் சுரங்க வாய்க்கால்கள் வற்றின. கிணற்று நீர் கீழே போய்க்கொண்டே இருந்தது. இந்துகுஷ் மலையின் பனியிலிருந்து வரும் குனார் ஆறு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால், அந்தத் தண்ணீரை நம்பகமாக வயலுக்குத் திருப்ப வழி இல்லை.

போரும் வறுமையும் இதற்குக் காரணம்தான். ஆனால் ஆற்றங்கரையில் நிற்கிற விவசாயியின் கண்ணுக்குத் தெரிந்த எதிரி வேறு: வெள்ளம், அது உருட்டிக்கொண்டு வரும் கல்.

இந்த இரண்டையும் சமாளித்து, சுமார் 25 கி.மீ. நீளத்துக்கு ஒரு பாசன வாய்க்காலை வெட்டியவர் பொறியாளர் இல்லை. ஜப்பானைச் சேர்ந்த டெட்சு நகமுரா என்கிற மருத்துவர். அவர் பயன்படுத்திய முறையும் புதிய கண்டுபிடிப்பு இல்லை. 1790-ல் ஜப்பானிய விவசாயிகள் கட்டிய ஓர் அணையிலிருந்து எடுத்தது.

கல் எப்படி நடக்கிறது?

தமிழ்நாட்டில் ஆறு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது மணல். ஆனால் மலையை விட்டு இப்போதுதான் இறங்கிய ஆறுகளில் மணலைவிடக் கல்லே அதிகம். கோலிக்குண்டு அளவில் சரளை, தேங்காய் அளவில் கூழாங்கல், சில இடங்களில் கிரைண்டர் கல் அளவுக்குப் பாறை. தண்ணீர் குறைவாக இருக்கும்போது எல்லாம் அசையாமல் கிடக்கும். வெள்ளம் வந்தால் படுகையே நகரும். கரையில் நின்றால் தண்ணீருக்கு அடியில் கல்லோடு கல் மோதும் சத்தமே கேட்கும்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கு ஆனால், அது நகர்த்தக்கூடிய கல்லின் எடையும் இரண்டு மடங்குதானே ஆகும் என்று தோன்றும். இல்லை. அது வேகத்தின் ஆறாவது அடுக்கில் ஏறும், அதாவது சுமார் 64 மடங்கு. நேற்று அரை கிலோ கல்லை உருட்டிய ஆறு, இன்று 30 கிலோ பாறையைத் தூக்கிப் போடுகிறது என்றால் அதன் வேகம் வெறும் இரண்டு மடங்குதான் கூடியிருக்கிறது.

இதே கணக்கு திரும்பியும் வேலை செய்யும். வேகம் கொஞ்சம் குறைந்தாலே போதும், ஆறு தன் சுமையைக் கீழே போட்டுவிடும். ஆற்றோரத்தில் வேகம் சட்டென்று குறையும் இடம் எது? விவசாயி வெட்டி வைத்திருக்கும் வாய்க்காலின் வாய். வெள்ளம் வடிந்ததும் போய்ப் பார்த்தால் அது கல்லால் அடைபட்டுக் கிடக்கும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. வெள்ளத்தில் வந்த கல் நடு ஆற்றில் திட்டாகக் குவியும். அடுத்த வருஷம் ஆறு அந்தத் திட்டைச் சுற்றிக்கொண்டு எதிர்க்கரை பக்கம் ஓட ஆரம்பிக்கும். வாய்க்கால் அப்படியே இருக்கும், ஆறுதான் அங்கே இருக்காது.

குனார் பக்கத்து விவசாயிகள் இதற்குப் பழைய வைத்தியம் ஒன்று வைத்திருந்தார்கள். தண்ணீர் குறைவாக ஓடும் குளிர்காலத்தில் கல்லும் மண்ணும் மரக்கிளையும் போட்டு ஆற்றுக்குள் ஒரு தடுப்பை நீட்டி, தண்ணீரை வாய்க்கால் பக்கம் ஒதுக்குவார்கள். காவிரிக் கரையில் திருச்சி, கரூர் பக்கம் ‘கொரம்பு’ போடுவது என்பார்களே, கிட்டத்தட்ட அதே வேலை. கோடையில் பனி உருகி வெள்ளம் வரும், தடுப்பு போய்விடும். மறுபடி குளிர்காலத்தில் போட வேண்டும். ஊரில் ஆள் இருக்கும் வரை இது நடக்கும். பல வருஷப் போரில் ஊரே அகதியாகப் பாகிஸ்தானுக்குப் போய்விட்டால்?

கிளினிக்கில் தொடங்கிய வாய்க்கால்

1946-ல் ஃபுகுவோகாவில் பிறந்த நகமுரா, 1984-ல் தொழுநோய் சிகிச்சைக்காகப் பாகிஸ்தானின் பெஷாவருக்கு வந்தவர். 1991-ல் எல்லை தாண்டி நங்கர்ஹாரின் தாரா-இ-நூர் பள்ளத்தாக்கில் ஒரு கிளினிக்கைத் திறந்தார். 2000 வறட்சியில் அங்கே வந்த குழந்தைகளுக்கு என்ன நோய் என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு தேவைப்படவில்லை. அசுத்தமான தண்ணீர், போதாத சாப்பாடு. வயிற்றுப்போக்குக்கு மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, குடிக்க அதே தண்ணீருக்குத் திருப்பி அனுப்புவதில் அர்த்தம் இல்லை என்று அவருக்குத் தோன்றியது.

முதலில் கிணறுகள். அவருடைய அமைப்பு சுமார் 1,600 கிணறுகளைத் தோண்டியது. குடிநீர் ஓரளவு கிடைத்தது. ஆனால் விவசாயத்துக்கு அது போதாது. நிலத்தடி நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கவும் முடியாது. நூறு கிளினிக்கைவிட ஒரு வாய்க்கால் மேல் என்ற முடிவுக்கு அவர் வந்தார். 2003 மார்ச்சில் வேலை தொடங்கியது. வாய்க்காலுக்குப் பெயர் ‘மர்வாரித்’. முத்து என்று அர்த்தம். முழுச் செலவும் ஜப்பானில் பொதுமக்கள் கொடுத்த நன்கொடை.

அப்போது அவருக்கு வயது 56. மகளின் பள்ளிக்கூடக் கணக்குப் புத்தகத்தை வாங்கிப் படித்துத்தான் நீரியல் கணக்குகளைப் போடக் கற்றுக்கொண்டார். பின்னாட்களில் பொக்லைன் போன்ற இயந்திரங்களை அவரே ஓட்டினார். ஊர் திரும்பிய அகதிகள், துப்பாக்கியைக் கீழே வைத்தவர்கள், பக்கத்து விவசாயிகள் என எல்லாரும் கூலிக்கு வேலை செய்தார்கள்.

கால்வாய் வெட்டுவது ஒப்பீட்டளவில் சுலபம். ஆற்றைவிட மெதுவான சரிவில் மலையை ஒட்டியே வெட்டிக்கொண்டு போனால், போகப்போக ஆறு கீழே இறங்கும், கால்வாய் உயரத்தில் நிற்கும். அந்த உயரம்தான் வறண்ட நிலத்துக்குத் தண்ணீரை பம்ப் இல்லாமல் கொண்டுபோகும். சிக்கல் முழுக்கத் தலைப்பில்தான், அதாவது ஆற்றிலிருந்து தண்ணீரை எடுக்கும் முதல் சில நூறு மீட்டரில். ஆரம்ப வருஷங்களில் அங்கே போட்ட கல் தடுப்புகளை வெள்ளம் பல முறை சிதைத்தது. ஒவ்வொரு முறையும் மறுபடி கட்டினார்கள்.

கான்கிரீட் போட்டால் என்ன?

யாரும் கேட்கும் கேள்வி. குறுக்கே உறுதியாக ஒரு கான்கிரீட் சுவர் எழுப்பி ஷட்டர் வைத்துவிட்டால் முடிந்ததே?

முடியாது. முதலில், கீழே பாறை இல்லை. ஆழம் தெரியாத கல்லும் மணலும்தான். அதன் மேல் செங்குத்தாக ஒரு சுவர் வைத்தால், வழிந்து விழும் தண்ணீர் சுவரின் அடிவாரத்தையே தோண்டும். இன்னொரு பக்கம், சுவருக்குப் பின்னால் வேகம் குறைவதால் ஆறு கொண்டுவரும் கல் எல்லாம் அங்கே படியும். சில வருஷத்தில் படுகை சுவர் உயரத்துக்கு வந்துவிடும். அப்புறம் வெள்ளம் போக இடம் இருக்காது, கரையை உடைத்து ஊருக்குள் போகும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது பழுது. கான்கிரீட் அணை உடைந்தால் சிமென்ட் வேண்டும், கம்பி வேண்டும், பொறியாளர் வேண்டும், டெண்டர் விட ஓர் அரசாங்கம் வேண்டும். அந்த நாட்டில் எது எப்போது இருக்கும் என்று சொல்ல முடியாது. கல் இருக்கும். கல்லை அடுக்கத் தெரிந்த ஆட்களும் இருப்பார்கள். அங்கே வீட்டுச் சுவர், வயல் வரப்பு எல்லாமே கல் அடுக்கித்தான் கட்டுவார்கள்.

1790-ல் கிடைத்த விடை

நகமுரா விடுமுறையில் ஊருக்குப் போகும்போதெல்லாம் ஜப்பானின் பழைய பாசன அமைப்புகளைப் பார்க்கப் போனார். ஜப்பான் ஆறுகளும் மலையிலிருந்து வேகமாக இறங்குபவை. பொக்லைனும் சிமென்ட்டும் இல்லாத காலத்தில் அங்கே விவசாயிகள் எப்படிச் சமாளித்தார்கள்?

அவர் ஊருக்குப் பக்கத்திலேயே, அசகுரா என்னும் இடத்தில், சிகுகோ ஆற்றின் குறுக்கே யமடா அணை இருக்கிறது. ஊர்த் தலைவர் ஒருவரின் முன்முயற்சியில் 1790-ல் கட்டி முடிக்கப்பட்டது. வெள்ளத்தில் சேதமாகிப் பழுதுபார்க்கப்பட்டு, இன்றும் வயலுக்குத் தண்ணீர் கொடுக்கிறது. 2014-ல் பாரம்பரியப் பாசனக் கட்டமைப்புகளின் சர்வதேசப் பட்டியலிலும் சேர்ந்தது.

அணை என்ற சொல்லைக் கேட்டு மேட்டூரைக் கற்பனை செய்ய வேண்டாம். யமடா அணை நிமிர்ந்து நிற்காது, படுத்துக்கிடக்கும். ஆற்றின் முழு அகலத்துக்கும் பாறைகளைப் பரப்பிய ஒரு சரிவு. தண்ணீர் அதன் மேல் சலசலத்து ஓடும். தூரத்திலிருந்து பார்த்தால் ஆற்றில் இயற்கையாக இருக்கும் பாறைத் திட்டு போலத்தான் தெரியும். கவனித்துப் பார்த்தால் ஒன்று புரியும்: அது ஆற்றுக்குக் குறுக்கே நேராகப் போகவில்லை, சாய்வாகப் போகிறது.

சாய்வில்தான் சூட்சுமம்

ஆற்றை நேராகக் கடக்கும் கோட்டைவிடச் சாய்வாகக் கடக்கும் கோடு நீளம். அதே வெள்ளம் நீளமான விளிம்பின் மேல் பரவி வழிந்தால், வழியும் ஆழம் குறையும். விளிம்பின் நீளத்தை இரண்டு மடங்காக்கினால், வழியும் தண்ணீரின் ஆழம் முன்பு இருந்ததில் சுமார் 63 சதவீதமாகிவிடும். ஆழம் குறைந்தால் வேகம் குறையும். வேகம் குறைந்தால், அந்த ஆறாம் அடுக்குக் கணக்கின்படி, அணையில் உள்ள பாறை பெயர்வது வெகுவாகக் குறையும்.

இதனால் இரண்டு காலத்துக்கும் ஒரே அணை போதுமானதாகிறது. குளிர்காலத்தில் ஆறு மெலிந்திருக்கும்போது, அந்தத் தாழ்வான விளிம்பு தண்ணீரை வாய்க்கால் வாய் அளவுக்கு உயர்த்திக் கொடுக்கும். கோதுமைக்குத் தண்ணீர் தேவைப்படுவதும் அப்போதுதான். கோடை வெள்ளத்தில் அணை தண்ணீரோடு சண்டை போடாது, முழுகிவிடும். வெள்ளம் மேலே ஏறிப் போய்விடும். எதிர்ப்பக்கத்தில் செங்குத்தான வீழ்ச்சி இல்லாமல் நீண்ட சரிவு இருப்பதால், அடிவாரத்தைத் தோண்டும் வேலையும் பெரிதாக நடக்காது.

வாய்க்கால் வாய்க்குப் பக்கத்திலேயே அணையில் ஒரு குறுகலான திறப்பை விட்டிருப்பார்கள். கல்லணையில் நாம் மணற்போக்கி என்று சொல்வதுதான். அதில் தண்ணீர் மற்ற இடத்தைவிட வேகமாகப் பாயும். வாய்க்கு முன்னால் வந்து உட்காரப் பார்க்கும் கல்லையும் மணலையும் அந்த வேகம் இழுத்துக்கொண்டு கீழே போய்விடும். தூர் வாரும் வேலையில் பெரும்பகுதியை ஆறே செய்துவிடுகிறது.

ஆனால் சாய்வு அணைக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. விளிம்பைத் தாண்டும் தண்ணீர் அந்த விளிம்புக்குச் செங்குத்தாகத்தான் பாயும். விளிம்பு சாய்வாக இருந்தால் தண்ணீர் ஒரு பக்கக் கரையை நோக்கித் திரும்பி, அதை அரித்துத் தின்னும். அந்தக் கரையிலும் ஒரு கிராமம் இருக்குமே! குனாரில் இந்தப் பிரச்சினையைப் பார்த்த பிறகு, அணையின் விளிம்பை நேர்கோடாக விடாமல் வில் போல வளைத்தார்கள். வழியும் தண்ணீர் நடு ஆற்றை நோக்கிக் குவியும், இரண்டு கரையும் தப்பிக்கும். ஜப்பானிய மூல வடிவத்தில் ஆப்கன் ஆறு செய்யவைத்த திருத்தம் இது. இந்த முறையில் அதிகம் பேசப்படாத, ஆனால் மிக புத்திசாலித்தனமான பகுதியும் இதுதான்.

டீ கிளாஸும் ஐன்ஸ்டீனும்

வாய்க்கால் வாயை ஆற்றில் எங்கே வைப்பது? இதற்கு விடை டீ கிளாஸில் இருக்கிறது. அடியில் தூள் கிடக்கும் டீயை ஸ்பூனால் சுற்றிக் கலக்கிப் பாருங்கள். சுற்றுகிற வேகத்தில் தூள் எல்லாம் கிளாஸின் ஓரத்துக்கு ஒதுங்க வேண்டும்தானே? நடக்காது. நடுவில் வந்து குவியும். மேல்மட்டத் தண்ணீர் வேகமாகச் சுற்றுவதால் வெளியே தள்ளப்படுகிறது. அடிமட்டத் தண்ணீர் உரசலால் மெதுவாகி, உள்பக்கம் ஒதுங்குகிறது, தூளையும் இழுத்துக்கொண்டு. 1926-ல் ஐன்ஸ்டீன் இதை விளக்கி ஒரு கட்டுரை எழுதினார். அதில் அவர் சொல்ல வந்தது டீயைப் பற்றி இல்லை, ஆறுகள் ஏன் வளைகின்றன என்பதைப் பற்றி.

ஆறு வளையும் இடத்திலும் இதேதான். மேல்மட்டத் தெளிந்த நீர் வளைவின் வெளிப்பக்கம் போகும். கல்லை உருட்டும் அடிமட்ட நீர் உள்பக்கம் போய்த் திட்டாகும். ஆகவே வாய்க்காலின் வாயை வெளி வளைவில் வைத்தால் கல் குறையும். உள்வளைவில் வைத்தால் வருஷா வருஷம் அள்ள வேண்டியதுதான்.

இதற்கும் ஒரு விலை இருக்கிறது. வெள்ளம் வந்து மோதுவதும் அதே வெளிக்கரையில்தான். அதனால் கரையிலிருந்து ஆற்றுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கல் திண்டுகளை வரிசையாகப் போடுகிறார்கள். வேகத்தை அவை வாங்கிக்கொள்ளும், திண்டுகளுக்கு நடுவில் தண்ணீர் அடங்கி மண் படியும்.

பலகை போட்டால் போதும்

இத்தனை செய்தும் கொஞ்சம் கல் வாய் வரை வந்துவிடும். அடுத்த தடுப்பு தலைமதகு. வழக்கமான இரும்பு ஷட்டரை மேலே தூக்கினால் தண்ணீர் அடியில் புகுந்து வரும். அடியில்தான் மணலும் சரளையும் இருக்கிறது. அப்படியென்றால் அந்த ஷட்டர் குப்பையை முதலில் உள்ளே விடும் கதவு!

குனார் மதகுகளில் இது தலைகீழ். தூண்களில் உள்ள பள்ளத்தில் மரப்பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகுகிறார்கள். தண்ணீர் மேல் பலகையைத் தாண்டித்தான் உள்ளே விழும். மேல்மட்டத் தெளிந்த நீர் மட்டும் வரும், கனமானது வெளியே நிற்கும். ஆறு ஏறினால் ஒரு பலகையைக் கூட்டுவது, இறங்கினால் ஒன்றை எடுப்பது. மின்சாரம் வேண்டாம், ஸ்பேர் பார்ட்ஸ் வேண்டாம். பலகையை இரண்டு வரிசையாகப் போடுவது வழக்கம். வெள்ள நேரத்தில் உள்ளே விழும் தண்ணீரின் உயரத்தை இரண்டு படியாகப் பிரித்து அடக்கிவிடலாம்.

பலகையையும் தாண்டி வரும் நுண்மணலுக்கு இன்னொரு ஏற்பாடு. மதகிலிருந்து கொஞ்ச தூரம் வரை கால்வாய்க்கு வேண்டுமென்றே சரிவு கூடுதலாகக் கொடுத்திருப்பார்கள், மணல் வழியில் தங்காமல் இருக்க. அது போய் விழுவது ஓர் அகலமான குளத்தில். அங்கே வேகம் அடங்கி மணல் கீழே உட்காரும். மேல் தண்ணீர் மறுபடி பலகை தாண்டி வயலுக்குப் போகும். அவ்வப்போது குளத்தின் அடிக்கதவைத் திறந்தால் மணல் ஆற்றுக்கே திரும்பிப் போகும்.

கால்வாய்க் கரைக்கு கான்கிரீட் அதிகம் இல்லை. கம்பியைப் பின்னிக் கூடையாக்கி, அதற்குள் கல்லை நிரப்பி அடுக்குகிறார்கள். ஜப்பானில் முன்பு மூங்கிலில் பின்னினார்கள், இங்கே இரும்புக் கம்பி. கம்பி துருப்பிடிக்காதா? பிடிக்கும். அதற்குத்தான் கூடைகளுக்குப் பின்னால் வில்லோ மரத்தை நட்டார்கள். நம் ஊர் ஓடைக்கரைகளில் இருக்கும் ஆற்றுப்பாலையின் உறவுக்கார மரம். அதன் வேர் கல் இடுக்குகளில் புகுந்து பின்னிக்கொள்ளும். கம்பி போகும் காலத்தில் வேர் கூடையாகியிருக்கும்.

ஆற்றைவிட மோசமான ஓடைகள்

கால்வாய் மலையடிவாரத்தை ஒட்டிப் போவதால், வழியில் ஏராளமான வறண்ட ஓடைகளைக் கடக்க வேண்டும். வருஷத்தில் பெரும்பாலான நாள் அவை வெறும் கல் பள்ளங்கள். மலையில் ஒரு பெருமழை பெய்தால் ஒரு மணி நேரத்தில் சேறும் பாறையுமாகக் காட்டாறு இறங்கும். அது கால்வாய்க்குள் விழுந்தால் ஒரே நாளில் எல்லாம் மூடிவிடும்.

இங்கேயும் அணுகுமுறை அதேதான்: மறிக்காதே, போக வழி விடு. சில இடங்களில் ஓடைக்கு அடியில் சைஃபன் குழாய் போட்டு, கால்வாயைப் பதுங்கிப் போக வைத்தார்கள். சில இடங்களில் காட்டாறு கால்வாயின் மேலாகத் தாண்டிப் போகப் பாதை அமைத்தார்கள். வேறு சில இடங்களில் வெள்ளத்தை உள்வாங்கக் குளம் வெட்டினார்கள்.

2010 தொடக்கத்தில் கால்வாய் கடைமடையான கம்பீரி பாலைவனம் வரை முடிந்தது. அங்கே மணற்புயலைத் தடுக்க மரங்களை வரிசையாக நட்டு, அதற்குப் பின்னால் வயலை உருவாக்கினார்கள். அதே வருஷக் கோடையில், பாகிஸ்தானை மூழ்கடித்த அந்தப் பெருவெள்ளம் குனாரிலும் வந்தது. சேதம் இருந்தது, பழுதும் பார்த்தார்கள். பிறகு அதே முறையில் காமா, பெசூத், கஷ்கோட் என்று மற்ற இடங்களிலும் அணைகள் வந்தன. ஜப்பான் அரசின் ஜெய்கா நிறுவனமும் கைகோத்தது. இந்த முறைக்கென்று ஒரு வழிகாட்டி நூலையும் தயாரித்தது. எல்லாத் திட்டங்களும் சேர்ந்து சுமார் 16,000 ஹெக்டேருக்குப் பாசனம், 6 லட்சத்துக்கும் அதிகமான மக்களுக்கு வாழ்வாதாரம் என்கிறது அவருடைய அமைப்பு. ஏக்கரில் சொன்னால் கிட்டத்தட்ட 40,000.

கல்லணைக்குத் தெரிந்த விஷயம்

இதைப் படிக்கும்போது கல்லணை ஞாபகம் வராமல் இருக்காது. கல்லணையும் ஆழம் தெரியாத மணல் மேல் கல்லைப் போட்டு எழுப்பியதுதான், அதுவும் நேர்கோட்டில் இல்லாமல் வளைந்துதான் போகிறது. வெள்ளத்தைத் தேக்கி வைப்பது அதன் நோக்கமே இல்லை. மிஞ்சியதைத் தாழ்வான கொள்ளிடத்துக்குத் தள்ளிவிட்டு, தேவையானதைக் காவிரியில் விடுவதுதான் வேலை.

19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரிப் பக்கம் மணல் மேடிட்டு, தண்ணீர் கொள்ளிடத்துக்கே போய்க்கொண்டிருந்தது. ஆங்கிலேயப் பொறியாளர்கள் கல்லணையில் மணற்போக்கிகளைச் சேர்த்தார்கள். 1836-ல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணையைத் தொடங்கினார். மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையைக் கல்லணையிடம் கற்று, பின்னர் கோதாவரியில் தவளேஸ்வரத்தில் பயன்படுத்தியவர் அவர். அந்த மேலணையின் கொள்ளிடப் பகுதியில் 2018 ஆகஸ்ட்டில் வெள்ளத்தின்போது 9 ஷட்டர்கள் இடிந்து அடித்துச் செல்லப்பட்டன. ஆற்று மணலை அள்ளியதும் காரணம் என்று விவசாயிகள் குற்றம்சாட்டினார்கள். குனாரில் கல் வந்து குவிவது பிரச்சினை. இங்கே இருந்ததும் போய்விடுவது பிரச்சினை. படுகை எந்தப் பக்கம் மாறினாலும் அணைக்கு ஆபத்துதான்.

யார் பார்த்துக்கொள்வது?

இந்த முறையைப் புகழ்பவர்கள் பலரும் அணையின் வடிவத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கல் அணைக்கு வருஷா வருஷம் கவனிப்பு வேண்டும் என்பதைச் சொல்வதில்லை. வெள்ளத்தில் சில பாறைகள் நகரத்தான் செய்யும். அடுத்த குளிர்காலத்தில் யாராவது இறங்கி அவற்றைத் திருப்பி வைக்க வேண்டும், கரையை மேவ வேண்டும், குளத்து மணலை வெளியேற்ற வேண்டும். யமடா 200 வருஷம் தாண்டி நிற்பதற்குக் கல் பாதிக் காரணம் என்றால், அதைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துக்கொண்ட விவசாயிகள் மீதிக் காரணம். அந்த அமைப்பு இல்லாமல் வடிவத்தை மட்டும் காப்பியடித்தால் நாலைந்து வெள்ளத்துக்கு மேல் தாங்காது.

ஆப்கானிஸ்தானில் அந்தச் சோதனை எதிர்பாராத விதத்தில் வந்தது. 2008-ல் திட்டத்தில் வேலை செய்த இளம் ஜப்பானிய விவசாயத் தன்னார்வலர் கசுயா இட்டோ கடத்திக் கொல்லப்பட்டார். ஜப்பானியர்கள் வெளியேறினார்கள், நகமுரா தங்கிவிட்டார். 2019 டிசம்பர் 4 அன்று ஜலாலாபாத்தில் காரில் போய்க்கொண்டிருந்த நகமுராவையும், அவருடைய ஓட்டுநர், பாதுகாவலர்கள் உட்பட 5 பேரையும் துப்பாக்கி ஏந்தியவர்கள் சுட்டுக் கொன்றார்கள். இரண்டு மாதத்துக்கு முன்புதான் அந்நாடு அவருக்கு கௌரவக் குடியுரிமை கொடுத்திருந்தது. உடல் ஜப்பானுக்குப் புறப்பட்டபோது அப்போதைய அதிபர் அஷ்ரப் கனியே சவப்பெட்டியைச் சுமந்தார்.

2021-ல் ஆட்சி மாறியது. காபூலில் சுவரில் வரைந்திருந்த நகமுராவின் ஓவியத்தின் மேல் தாலிபான்கள் வெள்ளையடித்தார்கள். 2022 அக்டோபரில் அதே தாலிபான் நிர்வாகம் ஜலாலாபாத்தில் அவர் நினைவாக ஒரு சதுக்கத்தைத் திறந்தது. வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்ததைத் தவிர இதற்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை.

வேலை நிற்கவில்லை. அவரிடம் வருஷக்கணக்கில் கூடவே இருந்து கற்றுக்கொண்ட ஆப்கன் பொறியாளர்களும், கல் அடுக்குபவர்களும், மதகுப் பலகையைப் பார்த்துக்கொள்பவர்களும் அங்கேயே இருக்கிறார்கள். குனாரில் தண்ணீர் இறங்கும் குளிர்கால மாதங்கள்தான் அவர்களுக்கு சீசன். கோடை வெள்ளம் எந்தப் பாறையை எங்கே தள்ளியிருக்கிறது என்று அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.